முயல் கறியில் நான் சேர்த்த பப்பாளிக்காய்

மகனே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டியவை ஆறு. அவற்றை முதலிலேயே வரிசைப்படுத்தி வைக்கிறேன். இல்லாவிட்டால் ஐந்தாவதை எழுதாமல் நழுவிவிடுவேனோ என்று என்மேல் எனக்கே சந்தேகம்.

1. முயலைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை.
2. குடல் எடுப்பதும் தோல் உரிப்பதும்.
3. எவ்வளவு நேரம் தொங்கவிட வேண்டும்.
4. முற்றிய இறைச்சியை எதில் ஊற வைத்தால் இளகும். பப்பாளிக்காயை ஏன் தொடக் கூடாது.
5. ஐந்து வருடங்களுக்கு முன்பு இந்த வீட்டில் நான் செய்தது.
6. அதை நீ யாரிடமும், முக்கியமாக உன் அக்காளிடம், சொல்லக் கூடாது என்பது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் மலைத் தோட்டத்து ஆட்கள் சுட்டுக் கொடுத்த முயலின் கறி செருப்புத் தோலைப் போல் இருந்தது என்றும், வரும் சனிக்கிழமை மறுபடியும் வேட்டைக்குப் போகிறார்கள் என்றும், எப்படிச் சமைத்தால் இளகும் என்றும் கேட்டிருந்தாய். இதுவரை படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில், பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துப் பூசினால் வெண்ணெய் மாதிரி ஆகும் என்று தோட்டத்துச் சமையல்காரர் சொல்கிறார், ஐந்தாம் மாதத்தில் இருக்கும் உன் மனைவியும் முயல் கறி வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டேன். நமது ஊரிலிருந்து உன் மலைக்குத் தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். நாளைக் காலைத் தபாலில் இது போக வேண்டும். தந்தி கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். ‘பப்பாளிக்காய் வேண்டாம்’ என்று ஒரு தகப்பன் தந்தி அடித்தால் உன் ஆபீஸில் நாலு பேர் படித்து உன்னைக் கேலி செய்வார்களே என்று விட்டுவிட்டேன். என் யோசனைகள் எப்போதும் இப்படித்தான் போய் முடியும். மற்றதைப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் இதை மட்டும் எடுத்துக்கொள்: பப்பாளிக்காய் வேண்டாம்.

முதலாவது. முயலைக் கையில் வாங்கியதும் அது எப்படிச் செத்தது என்று கேள். சுட்டதா, வலையில் விழுந்ததா, நாய் பிடித்ததா, அல்லது செத்துக் கிடந்ததை எடுத்து வந்தார்களா? கடைசியில் சொன்னதாக இருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு காதைப் பார். இளம் முயலின் காது விரலால் இழுத்தால் காகிதம் போலக் கிழியும். கிழவனின் காது கிழியாது. நகம் ரோமத்துக்குள் மறைந்திருந்தால் இளசு. மழுங்கி வெளியே நீண்டிருந்தால் முற்றல். இதைப் பார்க்காமல் சட்டி ஏற்றுவது, எந்த வகுப்பு என்று கேட்காமல் பாடம் நடத்துவதைப் போல. வயிற்றைத் திறந்ததும் ஈரலைப் பார். கறுஞ்சிவப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் கண்டால் முழு முயலையும் குழி தோண்டிப் புதைத்துவிடு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீ தொடாதே.

இரண்டாவது. குடலைச் சுட்ட இடத்திலேயே எடுத்துவிடச் சொல். வீடுவரை குடலோடு சுமந்து வந்தால் வயிற்றின் வாடை தொடைக்கறிவரை ஏறிவிடும். பிறகு எந்த மசாலாவாலும் அதை இறக்க முடியாது. மூத்திரப்பையும் பித்தப்பையும் உடையக் கூடாது. தோல் உரிக்கும் முன் ரோமத்தை நன்றாக நனைத்துவிட்டால் மயிர் பறந்து இறைச்சியில் ஒட்டாது. பின்னங்கால் மூட்டைச் சுற்றிக் கீறி, தலைகீழாகத் தொங்கவிட்டு, சின்னக் குழந்தையின் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதைப் போல இழுக்க வேண்டும். உள்ளே தொடையையும் முதுகையும் மூடி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். அதைக் கத்தி முனையால் தூக்கி முழுவதும் உரித்துவிடு. எவ்வளவு வேக வைத்தாலும் அது வேகாது. சூட்டில் சுருங்கி, கறியையும் பிடித்து இறுக்கும். துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த இடங்களை விரலால் தடவிப் பார். ஒவ்வொரு சன்னமும் தன்னோடு ஒரு கொத்து மயிரை உள்ளே இழுத்துப் போயிருக்கும். இரண்டையும் தோண்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் நீ போன தடவை தவறியிருப்பாய் என்று நினைக்கிறேன். செத்த முயல் கொஞ்ச நேரத்தில் மரக்கட்டையாக விறைத்துவிடும். அந்த விறைப்பில் வெட்டிச் சட்டியில் போட்டால் செருப்புத்தான். ஒன்று, விறைக்கும் முன்பே சமைத்துவிட வேண்டும். அல்லது விறைப்பு தானாகத் தளரும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மலைக் குளிருக்கு, சாயங்காலம் சுட்டதை ஈ மொய்க்காமல் துணியில் சுற்றி, காற்றோட்டமான நிழலில் மறுநாள் காலைவரை தொங்கவிடலாம். காலை மடக்கிப் பார். இணங்கி மடங்கினால் வெட்டலாம். கீழே நம் வீட்டு வெயிலுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நான்காவது. துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு, இரண்டு தடவை தண்ணீர் மாற்றி இரத்தம் வடிய விடு. தொடைக்கறியில் நாருக்குக் குறுக்காகக் கீறி, கத்தியின் முதுகுப் பக்கத்தால் மெதுவாகத் தட்டு. பிறகு இஞ்சியும் நல்லமிளகும் சதைத்துப் போட்டுப் புளித்த மோரில் ஊற வை. இளசுக்கு இரண்டு மணி நேரம் போதும்; கிழவனுக்கு அரை நாள். மோர் கிடைக்காவிட்டால் கள்ளைப் புளிக்க வைத்து எடுத்த காடி இரண்டு கரண்டி தண்ணீரில் கலந்து ஊற்றலாம். அதிகமானால் கறி வெளியே பஞ்சாகி உள்ளே கல்லாக இருக்கும். மண்சட்டியில், தட்டால் மூடித் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து, கொதி எழும்பாமல் இரண்டு மணி நேரம். இவ்வளவு செய்தால் எந்தக் கிழட்டு முயலும் இளகும். பப்பாளி தேவையே இல்லை. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். மோர் அரை நாள் கேட்கும், பப்பாளி அரை மணி நேரம் கேட்கும். எனக்கு அன்று அரை நாள் பொறுக்கவில்லை.

இனி ஐந்தாவது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருடம் அது. நீ திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அக்காள் நாலு மாதக் கர்ப்பமாக இங்கே வந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போனது உனக்குத் தெரியும். அதனால் அவளைக் குனியக்கூட உன் அம்மா விடவில்லை. மசக்கையில் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மீன் சட்டியைத் திறந்தால் கொல்லைக்கு ஓடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து திரும்பும்போது உன் தங்கையன் மாமன் தோளில் துப்பாக்கியும் கையில் முயலுமாக வாசலில் நின்றான். உன் அம்மாவின் தம்பி எப்படிப் பேசுவான் என்று உனக்குத் தெரியும்.

“அத்தான், பிடியுங்க. நேத்து சாயங்காலம் சுட்டது. தாடி நரைச்ச கிழவன். உங்களுக்க வயசு இருக்கும்.”

நான் காதைப் பிடித்துப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், பல்லைத் திறந்து பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான்.

“ஏ அக்கா, இங்க வந்து பாரு. வாத்தியாரு முயலுக்குப் பரீட்சை வைக்காரு. பாஸா அத்தான்? மத்தியானம் தின்ன முடியுமா, இல்ல அடுத்த வருஷம் மறுபடி எழுதணுமா?”

“மத்தியானம் பஞ்சு மாதிரி தாரேன், நீ இருந்து தின்னுட்டுப் போ” என்றேன். எப்போதும் அவன் சுடுவான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவையாவது அவன் என்னை மெச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. கொல்லையில் நின்ற பப்பாளியில் ஒரு பிஞ்சுக்காயைப் பறித்து, தோலோடு ஒரு கைப்பிடி அளவு அரைத்துக் கறியில் பூசினேன். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பச்சைப் பப்பாளி ஆகாது என்று நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதையும் யோசித்துத்தான் செய்தேன்: உன் அக்காள் இறைச்சி வாடையே தாங்க மாட்டாள், உன் அம்மா முயல் கறி தொட மாட்டாள், தின்னப் போவது நானும் மாமனும் மட்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் சட்டியைத் தூக்கி வெளியே கொட்டிவிடுவாள் என்பதால் அம்மியை நானே கழுவி வைத்தேன்.

அதே நேரத்தில் உன் அக்காள் கால் கழுவக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்தாள். உன் அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்து கயிற்றைப் பிடுங்கினாள். “ஏட்டி, உனக்குப் பயித்தியமா? ஒரு சத்தம் குடுத்தா நான் வரமாட்டேனா?”

மத்தியானம் சட்டியைத் திறந்தேன். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. மாமன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, “வாத்தியாரு ஜெயிச்சுட்டாரு” என்றான். அந்த வார்த்தையின் குளிர்ச்சி அடங்குவதற்குள் உன் அக்காள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, நல்ல மணமா இருக்கு. எனக்கும் கொஞ்சம் தாங்க. மரச்சீனிக் கிழங்கும் கூட.”

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கர்த்தாவே, பிள்ளை வாய் திறந்து கேட்டுட்டாளே” என்று தட்டை எடுக்க ஓடினாள். கரண்டி என் கையில் இருந்தது. வேண்டாம் மக்கா என்று இரண்டே சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பப்பாளி என்று சொன்னால் உன் அம்மா கத்துவாள். மாமன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வெந்ததற்குப் பிறகு அதில் என்ன இருக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிமாறினேன். அவள் இரண்டாவது தடவையும் கேட்டாள். அப்போதும் பரிமாறினேன்.

நாலு மணிக்கு அடிவயிற்றில் வலி என்றாள். உன் அம்மா மருத்துவச்சியைக் கூட்டி வந்தாள். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன தின்றாள் என்று கேட்டாள்.

“முயலும் மரச்சீனியும்.”

“முயலுக்கு என்னத்தப் போட்டிய?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வகுப்பில் ஒப்பிப்பதைப் போல வரிசையாகச் சொன்னேன். இஞ்சி, நல்லமிளகு, உள்ளி, தேங்காய், மோர். மோர் அன்றைக்குச் சேர்க்கவே இல்லை. பப்பாளி இருக்க வேண்டிய இடத்தில் மோர் என்று சொன்னேன்.

“அது ஒண்ணும் செய்யாது. பிள்ளே, நீ ஏதாவது பாரம் தூக்கினியா?”

“ஒரு வாளித் தண்ணி” என்றாள் உன் அக்காள். மருத்துவச்சி உச்சுக் கொட்டினாள். உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “சொன்னேம்லா, சொன்னேம்லா” என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்த நிமிடத்திலிருந்து அது வாளியால் வந்தது என்று முடிவாகிவிட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மாமன் திருவட்டாற்றுக்கு ஓடி ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தான். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உதிரம் தொடங்கியிருந்தது. இரண்டாம் நாள் பிள்ளை போயிற்று. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, சில பிள்ளைகள் காரணமில்லாமலே தங்குவதில்லை, யாரையும் குற்றம் சொல்லாதீர்கள் என்றார்கள். யாருக்கோ நடந்ததைப் போலப் பப்பாளியைப் பற்றிக் கேட்டேன். அரைத்துப் பூசி அவ்வளவு நேரம் வெந்ததில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அதில் முதல் பாதியை மட்டும் எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்; டாக்டரம்மா சொன்ன எதையும் வீட்டில் சொல்லவில்லை. உன் அம்மா கடைசிவரை வாளி என்றே நினைத்துக் கண் மூடினாள்.

ஆறாவது. இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. உன் மனைவியிடம் பப்பாளி ஆகாது என்று மட்டும் சொல். காரணம் சொல்லாதே, பயந்துவிடுவாள். உன் அக்காளிடம் ஒரு நாளும் சொல்லாதே. ஏனென்றால், ஒன்று, ஆறிய புண்ணைக் கீறக் கூடாது. இரண்டு, பப்பாளிதான் காரணம் என்பது நிச்சயமில்லை. மூன்று, பயம் தரும் செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் குடும்பத் தலைவனின் கடமை.

நேற்று இரவு இங்கே பேனாவை வைத்தேன். மூன்று காரணங்களையும் திரும்பப் படித்தேன். புண் ஆறியது என்று எனக்கு யார் சொன்னது? பூதப்பாண்டியில் அவள் புகுந்த வீட்டில் இன்றைக்கும் அவளைக் கிணற்றருகே விடுவதில்லை என்று எனக்குத் தெரியும். போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது அவளுடைய மாமியார் என் காதுபடவே பக்கத்து வீட்டாளிடம், “ஒரு வாளியில குடும்பத்துக்க வாரிசைப் போக்கினவ” என்று சொன்னதைக் கேட்டு, கேட்காததைப் போலப் பலகாரம் தின்றேன். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. ஐந்து வருடங்களாக அந்த வீட்டில் அவள் என்னுடைய மோரைச் சுமந்துகொண்டிருக்கிறாள். இன்று காலைத் தபாலுக்குக் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை. முதல் பஸ் பிடித்து நாகர்கோவில் போனேன். அங்கே இறங்கியதும் உனக்குத் தந்தி கொடுத்தேன். ஆபீஸில் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு பூதப்பாண்டிக்கு அடுத்த பஸ். நடுவழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சொன்னேன். மிஷின் நின்றது.

“பப்பாளியா?”

“ஆமா மக்கா.”

“எவ்வளவு?”

“ஒரு கைப்பிடி. தோலோட.”

“அப்பம் வாளி இல்லையா?”

“தெரியாது மக்கா. ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாவ.”

“அதையும் எனக்கிட்ட சொல்லல்லியே அப்பா.” அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. “அம்மா எம்மேல உள்ள வருத்தத்தோட போய்ச் சேர்ந்தா. பக்கத்துல இருந்து விசிறிட்டு இருந்தது நீங்கதான்லா?”

நான் தலையாட்டினேன். அவள் எழுந்து உள் வாசலைப் பார்த்து, “அத்தை, இங்க வாருங்க. அப்பா ஒரு காரியம் சொல்லணும்ங்காவ” என்று கூப்பிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் சொல்வதற்குத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் வந்து நின்றாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன், ஒன்றும் விடாமல், இஞ்சியிலிருந்து பப்பாளிவரை.

“இத்தனை வருஷமா வாயில என்னத்த வச்சிருந்தீரு வாத்தியாரே?” என்றாள் அவள். பிறகு மருமகளைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள்.

உன் அக்காள் என்னை மன்னித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். மன்னிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் செருப்பைப் போடும்போது மட்டும், “தம்பிக்கு எழுதுங்க. அவன் பொண்டாட்டிக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, முழுசும். அந்தப் பிள்ளைகிட்ட யாரும் ஒண்ணும் ஒளிக்கக் கூடாது” என்றாள்.

வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். முயலைப் பற்றிச் சொன்ன நான்கும் சரிதான் என்று நம்புகிறேன். ஐந்தாவதில் ஏதாவது விட்டிருந்தால் அது மறதி, ஒளித்ததில்லை. ஆறாவது தவறு. காரணங்கள் மூன்றும் தவறு. அதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் திருத்தி எழுதலாம் என்று எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். நீ இதை உன் மனைவிக்கு வாசிக்கும்போது அந்தப் பகுதியையும் தாண்டாமல் வாசி.

உன் அப்பா